சவாலிராமின் முகவரி



ஒரு பூவைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தால் கையில் என்ன வேண்டும்? அறிவியல் சாமான் விற்கும் கடையில் கேட்டால் கைப்பிடி போட்ட ஊசி ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். மத்தியப் பிரதேசத்தில், நர்மதைக் கரையில், அப்போது ஹோஷங்காபாத் என்று பெயர் கொண்டிருந்த மாவட்டத்துக் கிராமப் பிள்ளைகள் அதற்குக் கருவேல முள்ளைப் பயன்படுத்தினார்கள். வேலியோரத்தில் கிடைக்கும், ஒடிந்தால் இன்னொன்று. அந்த முள்ளால் இதழை விலக்கி, சூலகத்தைக் கீறி, கைலென்ஸ் வைத்துப் பார்த்து, பார்த்ததை நோட்டில் எழுதினார்கள். அவர்களுடைய பாடப்புத்தகத்தின் பெயர் 'பால வைஞானிக்', அதாவது குழந்தை விஞ்ஞானி. அந்தப் புத்தகம் விடையைச் சொல்லாது. செய்து பார், பார்த்ததை எழுது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசு என்றுதான் சொல்லும்.

நான் படித்த பள்ளியில் ஆய்வுக்கூட அலமாரியில் பெரிய பூட்டு ஒன்று தொங்கும். இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் மட்டும் திறப்பார்கள். அதனால்தானோ என்னவோ, அந்தக் கருவேல முள்ளைப் பற்றி முதன்முதலில் படித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

கல்வி ஆராய்ச்சிக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும், தந்த பணத்துக்கு யார், எப்படிக் கணக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. கேட்பதற்கு உலர்ந்த விஷயம்போல இருக்கும். ஆனால் அந்த முள்ளின் கதையைப் பின்தொடர்ந்து போனால் நேரே அங்கேதான் போய் நிற்போம்.

1972ஆம் ஆண்டு. கிஷோர் பாரதி என்ற அமைப்பும், ரசூலியாவில் இருந்த ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற அமைப்பும் மத்தியப் பிரதேச அரசிடம் அனுமதி வாங்கி, 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் பாடத்தை வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கின. தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் ரயிலேறி வந்து, கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து சோதனைகளைச் செய்தார்கள். 1978இல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் போனது. அதை நடத்திச் செல்வதற்காக 1982இல் ஏகலவ்யா என்ற நிறுவனம் பிறந்தது. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கோத்து வடிவங்கள் செய்யும் அரவிந்த் குப்தாவின் விளையாட்டை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கேயாவது செய்திருக்கக் கூடும். அதுவும் இந்தத் திட்டத்திலிருந்து புறப்பட்டதுதான்.

இதற்கெல்லாம் யார் பணம் கொடுத்தார்கள்? பெரும்பகுதி நீங்களும் நானும்தான். பள்ளிகள் அரசுடையவை. ஆசிரியர் சம்பளம் அரசுடையது. கோடை விடுமுறையில் மூன்று வாரம், அப்படி மூன்று கோடைகள் பயிற்சி. அதற்கு வந்த ஆசிரியர்களின் பயணப்படி அரசுடையது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் கிராமத்துக்குப் போய்வர வழிசெய்தது பல்கலைக்கழக மானியக் குழு. பொதுப் பணம் என்றால் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை உண்டு. கேட்கவும் வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அந்தக் கேள்வி அங்கே எப்படிக் கேட்கப்பட்டது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஆசிரியர்கள் பக்கத்திலிருக்கும் மையப் பள்ளியில் கூடினார்கள். இந்தச் சோதனை என் வகுப்பில் சரியாக வரவில்லை, இந்தப் பாடத்தில் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று பேசினார்கள். பேசியது பதிவானது. அந்தப் பதிவுகளை வைத்துப் புத்தகம் திருத்தப்பட்டது. தேர்வு மாறியது, பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வெழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. எட்டாம் வகுப்பு வாரியத் தேர்வில் அவர்களுக்கென்று தனி அறிவியல் வினாத்தாளை அரசே ஏற்றுக்கொண்டது. 1990களின் தொடக்கத்தில் என்.சி.இ.ஆர்.டி. அமைத்த குழு ஒன்று வந்து திட்டத்தை ஆராய்ந்தது. கணக்குக் கேட்பது என்றால் என் மனசில் வருவது இந்த மாதாந்திரக் கூட்டம்தான். பணம் எங்கே போனது என்பதோடு நிற்காமல், பிள்ளைக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்றும் கேட்ட கூட்டம் அது.

பிறகு 2002 வந்தது. அதற்குள் திட்டம் 15 மாவட்டங்களில் சுமார் 1,000 பள்ளிகளுக்குப் பரவி, ஒரு லட்சம் பிள்ளைகள் அதில் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாடத்தால் எங்கள் மாவட்டப் பிள்ளைகள் மேல்வகுப்பில் பின்தங்குகிறார்கள் என்று உள்ளூர் அரசியலில் ஒரு புகார் எழுந்தது. மாவட்டத் திட்டக் குழுவில் பேசப்பட்டது. அந்த ஆண்டின் நடுவில் மாநில அரசு திட்டத்தை நிறுத்தி உத்தரவு போட்டது. முப்பது ஆண்டு வேலை ஒரு கல்வியாண்டின் தொடக்கத்தில் நின்றது.

அந்தப் புகாரை நான் எள்ளி ஒதுக்க மாட்டேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் மனப்பாடப் பரீட்சை காத்திருக்கிறது. என் பிள்ளை அங்கே என்ன செய்வான் என்று ஒரு தகப்பன் கவலைப்பட்டால் அது நியாயமான கவலை. ஆனால் அது சரிபார்க்கக் கூடிய கவலை அல்லவா? வாரியத் தேர்வின் மதிப்பெண்கள் அரசின் அலுவலகத்திலேயே இருந்தன. பக்கத்து மாவட்டத்தோடு ஒப்பிடலாம். வெளியாட்களைக் கொண்டு ஒரு மதிப்பீடு செய்துவிட்டு முடிவெடுங்கள் என்று நாடெங்கிலுமிருந்து அறிவியலாளர்களும் கல்வியாளர்களும் கேட்டார்கள். உத்தரவு அதற்குக் காத்திருக்கவில்லை. பணம் கொடுக்கிற கைதான் மதிப்பீடும் செய்யும், அதே கைதான் மூடவும் செய்யும் என்ற ஏற்பாட்டில் இப்படித்தான் நடக்கும். மூடியது தவறா சரியா என்பதைக்கூட விட்டுவிடுங்கள். அளந்து பார்க்காமல் மூடியதுதான் எனக்கு வலிக்கிறது. ஒரு லட்சம் பிள்ளைகளிடமிருந்து நாடு கற்றுக்கொண்டிருக்க வேண்டியதைக் கற்றுக்கொள்ளாமலே விட்டோம்.

அதே 2002ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. கல்வி ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனத்தை அது உருவாக்கியது. அதிபரின் பதவிக்காலம் அங்கே நான்கு ஆண்டு. இந்த நிறுவனத்தின் இயக்குநருக்கு ஆறு ஆண்டு. ஆட்சி மாறும்போது ஆராய்ச்சி ஆட்டம் காணக் கூடாது என்று யோசித்துப் போட்ட கணக்கு அது. எந்த ஆய்வுக்குப் பணம் என்பதைத் துறை அறிந்தவர்கள் படித்துப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்றும் விதி வைத்தார்கள். இவ்வளவு அரண் கட்டியும் 2025 பிப்ரவரியில் என்ன ஆயிற்று? சுமார் 88 கோடி டாலர் மதிப்புள்ள 89 ஒப்பந்தங்கள் ஒரே வீச்சில் ரத்தாயின. பாதி வழியில் இருந்த ஆய்வுகளும் அவற்றில் உண்டு. மார்ச் மாத ஆட்குறைப்புக்குப் பிறகு, நாடு முழுவதற்கும் கல்விப் புள்ளிவிவரம் தரும் அவர்களுடைய மையத்தில் நூறு பேர் இருந்த இடத்தில் மூன்றே பேர் மிஞ்சினார்கள். 1867இல் அந்த நாட்டில் கல்விக்கென்று ஓர் அரசுத் துறை தொடங்கியபோது, அதற்குக் கொடுத்த முதல் வேலையே புள்ளிவிவரம் திரட்டுவதுதான். சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அந்த ஆய்வு தங்களுடையது என்று சொல்ல மக்களும் வேண்டும் என்று இதைப் பார்த்தபோது தோன்றியது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வந்தது. ஆசிரியர்கள் அதை 'டயட்' என்றுதான் சொல்வார்கள். புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த மாவட்டத்துப் பள்ளிகளில் என்ன நடக்கிறது என்று ஆராய்வதும் அதன் வேலை. களத்தொடர்புக்கும் புத்தாக்கத்துக்கும் அங்கே தனிப் பிரிவே உண்டு. ஒரு பள்ளியில் ஏன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரட்டைக்கொம்பும் ஒற்றைக்கொம்பும் குழம்புகிறது, என்ன செய்தால் தெளிகிறது என்று ஓர் ஆசிரியர் தன் வகுப்பிலேயே பார்த்து எழுதினால் அதுவும் ஆராய்ச்சிதான். செயலாராய்ச்சி என்பார்கள்.

ஆனால் ஆண்டு முடிவில் இந்த நிறுவனங்களிடம் கேட்கப்படுவது எது? பயன்பாட்டுச் சான்றிதழ். அலுவலக வழக்கில் 'யூ.சி.' இத்தனை ரூபாய் வந்தது, இத்தனை செலவானது, மிச்சம் இவ்வளவு. தணிக்கையாளர் பார்ப்பது வவுச்சரை. அது தேவைதான், ஒரு ரூபாய் தப்பினாலும் பிடிக்க வேண்டும். ஆனால் அந்தச் செயலாராய்ச்சியில் என்ன தெரியவந்தது, பக்கத்து ஒன்றியத்துப் பள்ளிக்கு அது போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. இந்தப் பணம் வரும் வழியும் இன்று ஒற்றைக் குழாய். 2018 முதல் ஆசிரியர் கல்விக்கான நிதி சமக்ர சிக்‌ஷா திட்டத்துக்குள் சேர்ந்துவிட்டது. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. 2024-25இல் மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தம் பற்றிய கருத்து வேறுபாட்டில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. சண்டை பெரிய இடத்தில்; ஆனால் குழாய் அடைபட்டால் கடைசி வயலுக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும்.

நல்லபடியாக நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாலையில் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் நம் ஊர்ப் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் பயன் உண்டா? பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளை அவரவர் வீட்டில் சந்தித்துச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. இதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அதே கிராமங்களில் 2019இலேயே எடுத்து வைத்திருந்த அளவீடு. கிணற்றில் பழைய நீர்மட்டக் குறி இருந்தால்தானே இந்தக் கோடையில் எத்தனை முழம் இறங்கியது என்று சொல்ல முடியும்? அந்தக் குறியை முன்கூட்டியே போட்டு வைக்கத்தான் ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கணக்கில், பொறுமையாகப் பணம் தர வேண்டியிருக்கிறது. முடிவு எப்படி வந்தாலும் வெளியிடலாம் என்ற துணிச்சலும் அரசுக்கு வேண்டும்.

உங்கள் மாவட்டத்து டயட் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்கள் இருந்தால், கடந்த ஆண்டு எங்கள் ஒன்றியத்தில் என்ன ஆராய்ந்தீர்கள், எதைக் கண்டீர்கள் என்று ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்தான் கட்டணம்.

கடிதம் என்றதும் ஹோஷங்காபாத் புத்தகம் மறுபடி நினைவுக்கு வருகிறது. அதில் சவாலிராம் என்ற ஒருவரின் முகவரி அச்சாகியிருக்கும். சவால் என்றால் இந்தியில் கேள்வி. உனக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் சவாலிராமுக்கு எழுது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்கள். அப்படி ஓர் ஆள் கிடையாது. ஆனால் பிள்ளைகளின் கடிதங்கள் அஞ்சலட்டையிலும் நோட்டுத் தாளிலும் வந்து குவிந்தன. திட்டத்தில் இருந்தவர்கள் உட்கார்ந்து சவாலிராம் என்று கையெழுத்திட்டுப் பதில் எழுதினார்கள். உத்தரவு வந்த பிறகு பள்ளிகளுக்கு வேறு அறிவியல் புத்தகம் போனது. அதில் சவாலிராமின் முகவரி இல்லை.