கை மாறும் நோட்டு



கொச்சியை ஒட்டிய கும்பளங்கியில், காயலோரத் தெருவில், நாங்கள் ஐந்து வீட்டுப் பெண்கள் ஒரே நோட்டில் எழுதி வருகிறோம். கோடு போட்ட இருநூறு பக்க நோட்டு. ஒரு வாரம் ஒரு வீட்டில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

எங்களில் ஒரு சேச்சி, கணவரை இழந்தவர். முதல் இரண்டு முறையும் ஒன்றும் எழுதாமலே திருப்பிக் கொடுத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாம் முறை, ஒரு பொக்காளி நெற்கதிரைப் பசை தடவி ஒட்டியிருந்தார். கீழே மலையாளத்தில் ஒரே வரி: ‘அவர் விதைத்தது, நான் அறுத்தேன்.’ அடுத்து நோட்டு போன வீட்டுப் பெண் பதிலென்று எதுவும் எழுதவில்லை. மகளுடைய கலர் பென்சிலை எடுத்து, அந்தக் கதிரைச் சுற்றி வயல் தண்ணீரை நீலமாகத் தீட்டி வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்று சேச்சி வெகுநேரம் எங்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

டைரி என்றாலே பூட்டி வைப்பது என்று நினைக்கிறோம். பக்கத்து மட்டாஞ்சேரியில் வேறொரு வழக்கம் இருந்தது. கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் கூடிப் பாடிய மலையாளப் பாட்டுகளை நோட்டுகளில் கைப்பட எழுதி வைத்தார்கள். ஒருத்தி நோட்டைப் பார்த்து இன்னொருத்தி எழுதிக்கொள்வாள். அதனால் ஒரே பாட்டு நோட்டுக்கு நோட்டு கொஞ்சம் மாறியிருக்கும். எனக்கு அந்த மாற்றங்கள்தான் பிடிக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கை தெரிகிறது அல்லவா?

1950-களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நோட்டுகளும் கூடவே போயின. அங்கே பிறந்த பிள்ளைகள் பேசியது எபிரேயம். பாட்டுகள் மெல்ல மெல்லப் பின்வாங்கின. மட்டாஞ்சேரியில் 1912-ல் பிறந்த ரூபி டேனியல், போன இடத்தில் இருந்துகொண்டு இந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தம் நினைவுகளையும் எழுதினார். அது 1995-ல் புத்தகமாக வந்தது. பார்பரா ஜான்சன், ஸ்கரியா சக்கரியா போன்ற ஆய்வாளர்கள் பல வீட்டு நோட்டுகளைத் தேடி ஒப்பிட்டார்கள். 2005-ல் ‘கார்குழலி’ என்ற தொகுப்பு ஜெருசலேமில் வெளியானது. ஒரே ஒருத்தி தனக்கு மட்டும் எழுதிப் பூட்டியிருந்தால், இத்தனை பாட்டு மிஞ்சியிருக்குமா?

தனியாக எழுதுவதும் நல்லதுதான். 1986-ல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதை வாட்டியதை எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததோடு தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது.

எங்கள் நோட்டுக்கு மூன்றே வழக்கம். எழுதியே ஆகவேண்டும் என்பதில்லை. படித்தவர் புத்தி சொல்லக் கூடாது. நோட்டு ஐந்து வீட்டைத் தாண்டக் கூடாது. தூக்கமே வராத அளவு துயரம் என்றால் நோட்டு போதாது. கூடவே போய் மருத்துவரைப் பார்க்க வைக்கிறோம்.

இந்த வாரம் நோட்டு என்னிடம். நான் எழுதுவது தமிழில். சேச்சிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் ஞாயிறு சாயங்காலம், சீனவலையைத் தண்ணீரில் இறக்கும் நேரத்துக்கு, என் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்து, “வாசி மோளே” என்பார்.