குழாய் உடைந்தால் முதலில் செய்ய வேண்டியவை



எங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள லயத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம். நள்ளிரவு நேரம். குடும்பத் தலைவர் எண்ணெய் ஆலையில் இரவு வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் தாயும் மூன்று பிள்ளைகளும் மட்டுமே. சமையலறைக் குழாய் சுவரோடு முறிந்து, தண்ணீர் பீறிட்டு அடித்தது. தாய் துணியை வைத்து அழுத்திப் பார்த்தார்; நிற்கவில்லை. வாளியை வைத்தார், ஒரு நொடியில் நிரம்பி வழிந்தது. விடியும் வரை நால்வரும் தண்ணீரை வாரி வாரி வெளியே கொட்டினார்கள்.

காலையில் பக்கத்து வீட்டுத் தாத்தா வந்தார். வீட்டுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் மண்டிக் கிடந்த லாலான் புல்லை விலக்கினார். உள்ளே ஒரு வால்வு இருந்தது. அதை ஒரு கையால் திருகினார். தண்ணீர் நின்றுவிட்டது!

பிள்ளைகள் மறுநாள் ஈரப் புத்தகங்களோடு பள்ளிக்கு வந்தார்கள். புத்தகங்களை வெயிலில் காய வைத்துக்கொண்டே நடந்ததைக் கேட்டோம். மூத்த பெண் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னாள். சோறாக்கும் மின்சாரப் பானையின் கம்பி தரையில் கிடந்ததாம். அம்மா கணுக்கால் தண்ணீரில் நின்றபடியே அதைப் பிடித்து இழுத்தாராம். அதைக் கேட்டதும் எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று அந்தத் தாய்க்கு ஒன்றும் நேரவில்லை. நேர்ந்திருந்தால்? புத்தகம் போனால் வேறு வாங்கலாம். தாய் போனால் யார் தருவார்கள்?

நேயர்களே, குழாய் பழுது பார்ப்பவர் தோட்டத்துக்கு உடனே வந்துவிட மாட்டார். பட்டணத்திலிருந்து அவர் வருவதற்கு ஒரு நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அவர் வரும் வரை நம் வீட்டையும் உயிரையும் காத்துக்கொள்வது நம் பொறுப்பு. அதற்கு வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, மின்சாரம். தண்ணீர் தரையில் பரவுகிறதா? பிளக்கையும் கம்பியையும் தொடாதீர்கள். முதலில் பிள்ளைகளை உலர்ந்த இடத்துக்கு அனுப்புங்கள். மெயின் சுவிட்சு இருக்கும் இடம் உலர்ந்திருந்தால், உலர்ந்த கையோடும் காலில் ரப்பர் செருப்போடும் சென்று அதை அணையுங்கள். சுவிட்சுக்குப் போகும் வழியில் தண்ணீர் நின்றால் அதில் இறங்கவே கூடாது. எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும்படி தோட்ட அலுவலகத்துக்கோ மின்சார வாரியத்துக்கோ சொல்லுங்கள். வீடு நனைந்தால் காயும், அவசரம் வேண்டாம்.

இரண்டாவது, வால்வு. ஒவ்வொரு வீட்டுக்கும், அல்லது ஒவ்வொரு லயத்துக்கும், தண்ணீரை நிறுத்தும் வால்வு ஒன்று இருக்கும். மீட்டர் இருந்தால் பெரும்பாலும் அதன் அருகிலேயே காணலாம். வால்வில் இரண்டு வகை உண்டு. சக்கரம் போன்ற பிடி உள்ளதைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால் மூடிக்கொள்ளும். நீண்ட கைப்பிடி உள்ளதைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது. குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். துருப்பிடித்து இறுகிப்போன வால்வைச் சுத்தியால் அடிக்காதீர்கள். அதுவும் உடைந்தால் தொல்லை இரட்டிப்பாகும்.

வால்வை மூடிய பிறகும் தண்ணீர் சிறிது நேரம் வரும். அது குழாய்க்குள் தங்கியிருந்த தண்ணீர். வீட்டில் தாழ்வாக இருக்கும் ஒரு குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள். கூரைக்கு அடியில் தொட்டி இருக்கும் வீடுகளில், தொட்டியிலிருந்து இறங்கும் குழாயிலும் ஒரு வால்வு இருக்கும். அதையும் மூட வேண்டும். இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள் இறங்கிவிடும்.

மூன்றாவது, கட்டுப் போடுவது. குழாயில் சிறிய வெடிப்போ ஓட்டையோ இருந்தால் அதற்கு நல்ல மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. பழைய சைக்கிள் டியூப்தான் அது. இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக நறுக்கிக்கொள்ளுங்கள். வால்வை மூடி, குழாயைத் துணியால் துடையுங்கள். வெடிப்புக்கு நாலு விரல் தள்ளிச் சுற்றத் தொடங்கி, ரப்பரை நன்றாக இழுத்து இழுத்து, ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று படியும்படி சுற்றி, மறுபக்கம் நாலு விரல் தாண்டி முடியுங்கள். அதன் மேல் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள்.

ஏன் ரப்பர்? பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு இது தெரியாததல்ல. இழுத்த ரப்பர் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அப்படித் திரும்பும்போது குழாயை நாலாபக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். வெறும் ஒட்டு நாடா ஈரத்தில் ஒட்டாது. கட்டுப் போட்டபின் வால்வை மெதுவாகக் கொஞ்சம் மட்டும் திறந்து பாருங்கள். ஒழுகினால் மூடிவிட்டு மறுபடியும் கட்டுங்கள். இது முதலுதவிதான்; முழு வைத்தியம் அல்ல. குழாய் இரண்டாகப் பிரிந்துவிட்டால் இந்தக் கட்டு நிற்காது. அப்போது வால்வை மூடியே வைத்திருங்கள்.

சுவரிலிருந்து குழாய் முறிந்து, வால்வும் அகப்படவில்லை என்றால், ஒரு மரக்குச்சியைக் கூராகச் சீவித் துணி சுற்றி அந்தத் துளையில் செருகி அழுத்தலாம். முழுவதும் நிற்காவிட்டாலும் வேகம் குறையும். அதற்குள் ஒருவர் ஓடிப்போய் வால்வைத் தேடட்டும்.

நான்காவது, தொட்டி நிரம்பி வழிவது. தொட்டிக்குள் மிதவை ஒன்று இருக்கிறது. தண்ணீர் உயர உயர அதுவும் உயர்ந்து, தண்ணீர் வரும் வழியை அடைக்கும். மிதவை ஓட்டையாகித் தண்ணீர் புகுந்தாலும், அதன் கை வளைந்தாலும் தண்ணீர் நிற்காது. தொட்டியின் மேல் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, மிதவையின் கையை மேலே தூக்கி அதோடு கயிற்றால் கட்டிவிடுங்கள். தண்ணீர் நின்றுவிடும். கழிப்பறைத் தொட்டிக்கும் இதே வழிதான். உயரத்தில் இருக்கும் தொட்டிக்கு மட்டும் பெண்களும் பிள்ளைகளும் தனியாக ஏற வேண்டாம்.

ஐந்தாவது, அடைப்பு. கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் மேலே ஏறி வந்தால் மறுபடியும் தண்ணீர் விடாதீர்கள். சற்றுப் பொறுங்கள். மட்டம் இறங்கியபின், கட்டையில் பொருத்திய ரப்பர் குமிழை வாய் முழுவதும் மூடும்படி வைத்து, மெதுவாக அழுத்திச் சட்டென்று இழுங்கள். இருபது முறை செய்து பாருங்கள். பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டால், அடியில் வளைந்திருக்கும் குழாயின் கீழ் வாளியை வைத்து, திருகைக் கழற்றி, உள்ளே தங்கிய சோற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடைப்பை நீக்க ஒரு மருந்தை ஊற்றிப் பலிக்கவில்லை என்று இன்னொன்றையும் சேர்த்து ஊற்றாதீர்கள். துணி வெளுக்கும் திரவமும் கழிப்பறை கழுவும் அமிலமும் கலந்தால் குளோரின் என்ற நச்சுக் காற்று கிளம்பும். அது நுரையீரலைப் பாதிக்கும். மூடிய சிறு குளியலறையில் அதைச் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து.

இனி, தண்ணீர் இல்லாத அந்த ஒன்றிரண்டு நாட்களை எப்படிச் சமாளிப்பது? குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீரைத் தனியாகச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வையுங்கள். துவைக்கவும் கழுவவும் தோம்பில் பிடித்து வைக்கும் தண்ணீரையும் மூடியே வைக்க வேண்டும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது சாக்கடையில் அல்ல. நம் வீட்டுத் தோம்பில் நிற்கும் தெளிந்த தண்ணீரில்தான். கொசு உற்பத்திக்கு இடம் கொடுப்பது நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். வாரம் ஒரு முறையாவது தோம்பைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். குழாய் பழுது பார்த்தபின் முதலில் வரும் கலங்கல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். தெளிந்த தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

அடுத்து, யாரிடம் சொல்வது? தாமான் வீட்டில் குடியிருப்போர் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். பொதுவாக, மீட்டர் வரை வரும் குழாய் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பொறுப்பு. தோட்டத்து வீடுகளின் கதை வேறு. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குழாய் நீரை இலவசமாகத் தருவதும், வீடுகளைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொல்கிறது. ஆகவே குழாய் உடைந்தது என்று அலுவலகத்தில் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. அது கெஞ்சிக் கேட்கும் உதவி அல்ல. வாயால் சொல்வதோடு நில்லாமல், ஒரு தாளில் வீட்டு எண், தேதி, உடைந்த இடம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

சிறு ஒழுக்குதானே என்று விடுவதும் தவறு. ஒழுகும் குழாயின் கீழ் ஒரு மணி நேரம் பாத்திரம் வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் சேர்ந்தால், ஒரு நாளில் 24 லிட்டர். முப்பது நாளில் 720 லிட்டர்! பதினைந்து லிட்டர் வாளியில் அது 48 வாளி. மீட்டர் உள்ள வீட்டில் இத்தனை வாளிக்கும் நாமே பணம் கட்டுகிறோம். குழாயின் தலையைக் கழற்றினால் உள்ளே தேய்ந்த வாசர் இருக்கும். சில காசு விலையுள்ள அதை மாற்றினால் பெரும்பாலும் ஒழுக்கு நின்றுவிடும்.

நேயர்களே, வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள் பெரியோர். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். குடும்பத்தோடு வீட்டைச் சுற்றி வந்து வால்வைக் கண்டுபிடியுங்கள். சுற்றியுள்ள புல்லை வெட்டுங்கள். அதை ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுச் சிவப்புச் சாயம் பூசுங்கள். மெயின் சுவிட்சு எது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சைக்கிள் டியூப், கம்பி, கயிறு, குறடு, கைவிளக்கு ஆகிய ஐந்தையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வையுங்கள்.

தொடக்கத்தில் சொன்னோமே, அந்த வீட்டு மூத்த பெண். மறுவாரமே அவள் தன் லயத்து வால்வைச் சுற்றியிருந்த புல்லைச் செதுக்கி, பள்ளியில் மீந்த சிவப்புச் சாயத்தைக் கேட்டு வாங்கிப்போய்க் குச்சிக்குப் பூசினாள். லயத்தில் உள்ள எல்லா வீட்டாரையும் அழைத்துக் காட்டினாளாம். அதன்பின் அந்த லயத்தில் இரண்டு முறை குழாய் உடைந்தது. இரண்டு முறையும் புத்தகம் நனையவில்லை.

உங்கள் வீட்டு வால்வு எங்கே இருக்கிறது? இந்தப் பேச்சு முடிந்ததும் எழுந்து போய்ப் பாருங்கள்.