வாங்குவோர் யார்?



வணிகவியல் கற்போர் முதலில் அறியும் சொற்களுள் ஒன்று ‘நுகர்வோர்’ என்பது. அச்சொல்லுக்குள் எத்தகைய கண்களும் எத்தகைய கைகளும் அடங்கும் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. இக்கேள்வியை எழுப்பியவள் மரக்காணத்து உப்பளத் தொழிலாளி ஒருவரின் பேத்தி. ஒரு காலத்தில் என் மாணவியாக இருந்தவள். இப்பொழுது வணிக மேலாண்மை பயில்கிறாள்.

உப்பளத்தில் வெயிலும் உப்பின் வெண்மையும் சேர்ந்து கண்ணைக் கூசச் செய்யும். உவர்நீரில் நின்று உப்பு வாருவோரின் கைகால்களில் தோல் தடித்து வெடிக்கும். மழைக்காலத்தில் வேலை இல்லை. கூலி வந்த நாளில்தான் கடைக்குப் போக இயலும்.

இத்தகையோரையும் வாங்குவோராக எண்ணிய ஒருவர், இதே கடற்கரையில், புதுச்சேரிக்குத் தெற்கே கடலூரில் வாழ்ந்தார். சின்னி கிருஷ்ணன் என்பது அவர் பெயர். செல்வர் வீட்டுப் புட்டியில் இருந்த ஷாம்புவை, கூலியாளும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்கக்கூடிய சிறு பையில் அடைத்து விற்றவர் அவர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். அந்நிறுவனமே பின்னர் ‘கெவின்கேர்’ ஆயிற்று. அதன் விற்பனையாளர்கள் சிற்றூர்களில் ஒரு சிறுவனின் தலையைப் பலர் முன்னிலையில் கழுவிக் காட்டி, அம்முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் செய்தனர். எழுத்தறியாதவருக்கும் கண் தெரியாதவருக்கும் ஒருங்கே விளங்கிய விளம்பரம் அது! இதை எந்தக் கல்லூரியும் அவர்களுக்குக் கற்பித்ததாக நான் எண்ணவில்லை.

ஆயினும் விலை எட்டினால் பொருள் எட்டிவிட்டதாகுமா? என் மாணவி, வயது முதிர்ந்த உப்பளத் தொழிலாளர் சிலரிடம் பல பொருள்களின் சிறு பைகளைக் கொடுத்துத் திறக்கச் சொன்னாள். ஈரக் கையில் பை வழுக்கியது. கிழிக்க வேண்டிய வெட்டு எங்கே என்று தடித்த விரல்களுக்குப் புலப்படவில்லை. பலர் பல்லால் கடித்தே திறந்தனர். தேதியையோ ஒருவராலும் படிக்க முடியவில்லை. அவளுடைய ஆயாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. உருவிலும் அளவிலும் ஒத்த இரு பைகளுள் எது தலைக்கு, எது துணிக்கு என்று அறிய இயலாமல், அந்த அம்மையார் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். கையில் தாம் உழைத்து ஈட்டிய காசு இருந்தும், பேரப்பிள்ளையை அனுப்பி வாங்க வேண்டிய நிலை. இது சிறு குறையன்று.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. எல்லோரும் பயன்படுத்தத்தக்க நுகர்பொருள்களை உருவாக்க ஊக்கமளிக்குமாறு அது அரசைப் பணிக்கிறது. திருத்தம் எவ்வளவு எளிதாகக் கூடும் என்பதற்கு உணவுப் பொட்டலத்தைப் பாருங்கள். சைவத்திற்குப் பச்சை வட்டம், அசைவத்திற்குப் பழுப்பு வட்டம் என்று முன்பு இருந்தது. நிறக்குருடு உள்ளவர்க்கு இரண்டும் ஒன்றே. 2020-ஆம் ஆண்டு விதிகளில் பழுப்பு வட்டம் முக்கோணமாக மாறிற்று. அதனால் ஆலைக்கு நேர்ந்த செலவு பெரிதாக இருந்திராது. எண்ணிப் பார்க்கத்தான் ஒருவர் வேண்டியிருந்தது.

என் மாணவி தன் கட்டுரையில் இரண்டு யோசனைகளைக் கூறியிருக்கிறாள். தலைக்கு உரிய பையின் ஓரத்தில் தடவி அறியக்கூடிய ஒரு புடைப்பு வேண்டும். வெட்டு ஆழமாக இருத்தல் வேண்டும். நிறுவனங்களுக்கு இவற்றை எழுதியிருக்கிறாள், விடை வரவில்லை. அதற்குள், ஊர்க் கடைக்காரரிடம் பேசி, ஷாம்புப் பைகளை வலப்புறக் கயிற்றிலும் துணிக்குரியவற்றை இடப்புறத்திலும் தொங்கவிடச் செய்தாள். மீதிச் சில்லறையை வாய்விட்டு எண்ணித் தரவும் அவர் இசைந்தார்.

ஆயா இப்போது தாமே கடைக்குப் போய் வருகிறாராம். பேத்தியோ மாத்திரை அட்டைகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறாள்.