அனுமதிக்குக் காத்திருக்கும் சட்டம்

 

இன்று நாம் நினைவுகூரும் ஐயா, அடிபட்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மனு கொடுத்தீங்களா, ரசீது வாங்கினீங்களா?" அந்தக் கேள்வியோடு ஒரு வழக்கைப் பார்ப்போம்.

பாபர் மசூதி இடிப்புக்குப் பின், 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்தது. ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். அந்நாட்களில் பால் தாக்கரேயின் 'சாம்னா' முஸ்லிம்களுக்கு எதிரான தலையங்கங்களை வெளியிட்டது. வழக்குத் தொடர அரசுக்கு உத்தரவிடுங்கள் என்று முன்னாள் தலைமைச் செயலாளர் ஜே.பி. டிசூசா உயர் நீதிமன்றம் போனார். 1994இல் மனு தள்ளுபடி. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. தேர்ந்த தளபதியைப் போலத் தாக்கரே தொண்டர்களை ஏவினார் என்று 1998இல் ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் சொன்னது. 2000 ஜூலையில்தான் கைது. காலம் கடந்த வழக்கென்று நீதிமன்றம் அன்றே முடித்துவைத்தது.

சட்டம் இல்லாமலா இப்படி ஆனது? 153ஏ இருந்தது. காவல்துறை வழக்குப் பதியலாம். ஆனால் அரசு அனுமதிக்காமல் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க முடியாது. மூன்றாண்டுக்குள் எடுக்காவிட்டால் வழக்கே செத்துவிடும். பூட்டின் சாவி ஆள்வோர் மடியில்.

இது நமக்குப் புதிதல்ல. 2018 மார்ச்சில், வன்கொடுமை வழக்கில் கைதுக்கு முன் அனுமதி வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஏப்ரல் 2இல் நம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. அனுமதி என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைச் சேரி அறியும்.

வெறுப்புப் பேச்சுக்குப் புகார் வராவிட்டாலும் வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. நல்லது. ஆனால் 2024இல் வந்த புதிய சட்டத்திலும் அனுமதிப் பூட்டு அப்படியே இருக்கிறது.

பூட்டை உடைத்துவிடலாமா? அங்கேதான் எனக்குத் தயக்கம். மனம் புண்பட்டது என்று சொல்லி நம் எழுத்தாளர்கள்மீதும் இதே சட்டங்கள் பாய்கின்றன. எனவே நான் கேட்பது சிறியது. அனுமதி உண்டா இல்லையா என்பதைக் குறித்த நாளுக்குள், காரணத்தோடு, எழுத்தில் சொல்லட்டும். சொன்னால் அதை எதிர்த்து வழக்காடலாம். மௌனத்தை எதிர்த்து எத்தனை காலம் வழக்காடுவது?

ஐயாவின் மொழியில் சொன்னால், அரசிடம் நாம் ரசீது கேட்கிறோம்.

ஜெய்பீம்.