மஞ்சள் துணியில் முடிந்த காசு



செங்கத்தில் பேச எழுந்தவன் நன்னனைச் சொல்லாமல் தொடங்க முடியாது. செங்கண்மா என்று சங்கப் பாட்டில் இடம்பெற்ற ஊர் இது. இவ்வூரை ஆண்ட அந்த நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய பாட்டு மலைபடுகடாம், 583 அடி. அதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். பரிசு பெற்றுத் திரும்புகிறவன், எதிரே பசியோடு வருகிறவனை நிறுத்தி, போகும் வழியைச் சொல்வதுதான் ஆற்றுப்படை. அதை நான் ஏட்டில் படிக்கும் முன்பே என் அம்மாவிடம் படித்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாயைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அம்மா பிறந்தது இலங்கையில், மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அவளுடைய பாட்டன் இந்தச் செங்கம் சீமையிலிருந்து ஆள் கூட்டும் கங்காணியின் பின்னால் கடல் தாண்டியவர். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். தலை எண்ணிப் பிரித்தார்கள் ஐயா! அந்தத் தலைகளில் ஒன்று என் தாயின் தலை.

அந்தத் தலையைக் கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். உச்சியில் விரல் அகலத்துக்கு முடியே இருக்காது. கொழுந்துக் கூடையின் கயிறு ஆண்டுக்கணக்கில் அழுத்தித் தேய்த்த தடம் அது. ஆடி மாதம் இந்த ஊர் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கும்போது, சும்மாட்டை அந்தத் தடத்தின் மேல்தான் வைப்பாள். "கூடை சுமந்த தலை, ஆத்தாளையும் சுமக்கட்டும்" என்பாள்.

1974-இல் கிளம்பினோம். தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அங்கே கையில் கிடைத்த முதல் இந்திய ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்தாள். புள்ளைகளைக் கரை சேர்த்துவிட்டால், மாத்தளை முத்துமாரியம்மன் மாசி மகத் தேருக்கு வந்து காசைச் செலுத்துவதாக வேண்டுதல்.

செங்கத்தில், பூர்வீகம் என்று நம்பி வந்த வீட்டுக் கதவு மூன்று நாளைக்கு மேல் எங்களுக்குத் திறந்திருக்கவில்லை. பேருந்து நிலையத்தில் கீரை விற்ற ஒரு பாட்டிதான் தன் திண்ணையைக் கொடுத்தாள், கொல்லை வேலைக்கும் கூட்டிப் போனாள். அம்மா நிலக்கடலையைக் 'கச்சான்' என்றாள். பெண்களெல்லாம் சிரித்தார்கள். "இங்க அது மல்லாட்டைடி" என்று பாட்டி சொல்லிக் கொடுத்தாள். அந்த ஒரு சொல்லில்தான் என் தாய் இந்த ஊர்க்காரியானாள்.

ஆண்டுகள் போயின. இலங்கையில் 1983 ஜூலைக் கலவரம். கப்பலும் நின்றது. மாத்தளை எட்டாத் தூரமானது. ஆனாலும் காசு சாமி படத்துக்குப் பின்னால் அப்படியே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, கைக்குழந்தையோடு பேருந்து நிலையத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். பேச்சைக் கேட்டதுமே அவளும் அக்கரையிலிருந்து வந்தவள் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தாள். வீட்டில் சல்லிக்காசு இல்லை. அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்தாள்.

நான் பதறினேன். "ஆத்தாவுக்கு முடிஞ்ச காசும்மா!"

"ஆத்தாதாண்டா புள்ளையத் தூக்கிட்டு வந்து நிக்கிறா. ஓடு, பால் வாங்கிட்டு வா."

குழந்தை பால் குடித்து முடித்ததும், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "நாளைக்கு விடிகாலையில வா தாயி, கொல்லைக்குப் போவோம். அங்க கச்சான்னு சொல்லிடாத, மல்லாட்டைன்னு சொல்லு."

அவையோரே, அதுதான் என் தாய் பாடிய ஆற்றுப்படை. பக்தி என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் அந்த வெள்ளிக்கிழமையைத்தான் சொல்வேன்.

இன்றும் நம் பேருந்து நிலையத்தில் மூட்டையோடு யாரோ வந்து இறங்குகிறார்கள். வடக்கத்திக்காரர்களாக இருக்கலாம், முகாமிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம், ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்கு வந்த நம் சொந்தச் சனமாகவும் இருக்கலாம். உங்களை நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வந்தவர்களுக்கு நம்மூர்ச் சொல் ஒன்றைச் சிரிக்காமல் கற்றுக் கொடுங்கள்.