அடியும் வரியும்: கணிப்பொறிக் கோப்பில் கவிதையின் நிலை

தமிழில் அடி என்பது ஒன்று. வரி என்பது வேறொன்று. எழுத்து, அசை, சீர், அடி எனச் செய்யுள் உறுப்புகளை வகுத்த தொல்காப்பியர் வரியை உறுப்பாகக் கொள்ளவில்லை. அடி, கவிஞன் அளந்து வைப்பது. வரியோ எழுதப்படும் பொருளின் அகலம் அளந்து வைப்பது. கல்லுக்கு ஓர் அகலம், ஓலைக்கு ஒரு நீளம், தாளுக்கு ஓர் அளவு, கணிப்பொறித் திரைக்கு மற்றோர் அளவு. அவ்வளவு முடிந்த இடத்தில் வரி முடிகிறது. அடி முடிந்ததா என்று வரி கேட்பதில்லை.

இதனைக் காண ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரத்தார் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கிருட்டிணகிரி அரசு அருங்காட்சியகத்திலும், ஊர்ப்புற ஏரிக்கரைகளிலும் வயல்வெளிகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. கல்லில் எழுத்துப் பொறித்தவன் இடம் தீர்ந்த இடத்தில் சொல்லை முறித்து அடுத்த வரிக்குச் சென்றான். ஒரு சொல்லின் முதலெழுத்து மேல்வரியிலும் எஞ்சியவை கீழ்வரியிலும் நிற்கும். கல்வெட்டைப் பதிப்பிக்கும் அறிஞர் என்ன செய்கின்றனர்? ஒவ்வொரு வரிக்கும் எண்ணிட்டுக் கல்லின் வரியைக் காக்கின்றனர்; பொருள் கூறும்போது முறிந்த சொற்களைச் சேர்த்துப் படிக்கின்றனர். இரண்டையும் தனித்தனியே காத்தலே பதிப்பறம்.

ஓலைச்சுவடியின் நிலையும் இத்தகையதே. ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இல்லை. அடிபிரித்து எழுதும் வழக்கமும் இல்லை. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளையும், அதே ஆண்டில் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் தொடர்ந்தோடிய எழுத்திலிருந்தே அடிகளைப் பிரித்து எடுத்தனர். எதனைக் கொண்டு? சீரும் தளையும், எதுகையும் மோனையும் அவர்களுக்கு வழிகாட்டின. ஏடு அடியைக் காட்டவில்லையாயினும் யாப்பு அதனைத் தன்னுள் பொதிந்து வைத்திருந்தது.

இன்று கவிதை கணிப்பொறிக் கோப்பில் வாழ்கிறது. அக்கோப்பின் வரிகளை ஒழுங்குபடுத்த யூனிக்ஸ் மரபில் வந்த கணிப்பொறிகளில் இரண்டு எளிய கருவிகள் உள்ளன. பொத்தான்களும் படங்களும் இல்லாமல், கட்டளையைத் தட்டச்சிட்டு இயக்கப்படுபவை அவை. ஒன்றின் பெயர் ஃபோல்டு. மடித்தல் என்பது பொருள். மற்றொன்று எஃப்.எம்.டி.; வடிவமைத்தல் என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். ஃபோல்டு, நீண்ட வரியைக் குறித்த அகலத்தில் வெட்டும்; வெட்டுவதன்றி வேறொன்றும் செய்யாது. எஃப்.எம்.டி. அதனினும் ஒரு படி மேலே செல்லும். அடுத்தடுத்து வரும் குறுகிய வரிகளை ஒன்றாக இணைத்து, பத்தி முழுவதையும் நோக்கி, வரிகள் ஏறத்தாழ ஒத்த நீளம் பெறுமாறு மீண்டும் பிரிக்கும். டொனால்டு நூத்தும் மைக்கேல் பிளாசும் 1981இல் வெளியிட்ட பத்திப் பிரிப்பு முறையைத் தழுவியே குனு வகை எஃப்.எம்.டி. இயங்குகிறது. அகலம் கூறாவிடில் அது 75 என்று கொள்ளும். ஃபோல்டு 80 என்று கொள்ளும். கணிப்பொறி உலகில் 80 என்னும் எண் வேரூன்றியது 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் கொணர்ந்த, 80 நெடுவரிசை கொண்ட துளையட்டையால் ஆகும்.

உரைநடைக்கு எஃப்.எம்.டி. நல்ல தொண்டன். கடிதமோ கட்டுரையோ ஒழுங்கற்று நின்றால் நொடியில் சீராக்கித் தரும். ஆனால் நான்கடி ஆசிரியப்பா ஒன்றை அதன் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? நான்கு அடிகளும் ஒரே பத்தி என்று அது எண்ணும். அடிகளை இணைத்து, எண்ணிக்கை நிறைந்த இடங்களில் புதிய வரிகளை அமைக்கும். எதுகை வரியின் நடுவே சென்று ஒளியும். கருவி பிழை செய்ததாகக் கூறவியலாது. அடி என்ற ஒன்று உண்டென்பதே அதற்குத் தெரியாது.

இனி, அது எதனை எண்ணுகிறது என்பதும் ஆராயத்தக்கது. தொல்காப்பியச் செய்யுளியல் எழுத்தெண்ணி அடி வகுத்தது. நான்கு முதல் ஆறு எழுத்து வரை குறளடி. பத்து முதல் பதினான்கு வரை அளவடி. அவ்வெண்ணிக்கையில் புள்ளி பெற்ற மெய் சேராது. அம்மா என்னும் சொல் மூன்று எழுத்துடையது. மெய்யை நீக்கி எண்ணினால் இரண்டே. யூனிகோடு முறையிலோ அகர உயிர்மெய்யாகிய ம ஒரே குறியீடு. அதன்மேல் புள்ளி மற்றொரு குறியீடு. ஆதலால் தொல்காப்பியர் கணக்கில் சேர்க்காத மெய், யூனிகோடில் இரண்டாக எண்ணப்படுகிறது! அம்மா என்பது ஐந்து குறியீடுகளாகிறது. யுடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் மூன்று பைட்டுகள். எனவே அச்சொல்லுக்குப் பதினைந்து. அதே சொல் 1990களின் இறுதியில் உருவான டிஸ்கி முறையில் நான்கு பைட்டுகளில் அடங்கியது.

பைட்டையே எழுத்தெனக் கொண்டு எண்ணும் பதிப்புகள் பல கணிப்பொறிகளில் இன்றும் உள்ளன. அவற்றில் 75 என்பது ஏறத்தாழ 25 தமிழ்க் குறியீடுகளே. வரி பாதியிலேயே முறியும். ஃபோல்டு கருவியோ, இடைவெளி பார்த்து வெட்டு என்று கூறாவிடில், ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவிலும் வெட்டிவிடும். கல்வெட்டுத் தச்சன் சொல்லை முறித்தான், எழுத்தை முறிக்கவில்லை.

தமிழிலக்கியம் கோப்பாகிய வரலாற்றில் மதுரைத் திட்டம் முதன்மையானது. 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்று, சுவிட்சர்லாந்து வாழ் முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில் பல நாட்டுத் தன்னார்வலர் உழைப்பால் அது வளர்ந்தது. நூல்கள் பழைய எழுத்துரு முறைகளிலிருந்து டிஸ்கிக்கும், பின்னர் யூனிகோடுக்கும் மாறின. இம்மாற்றங்களில் ஓர் அடி குலைந்தாலும் பழைய செய்யுளை மீட்டெடுக்கலாம். குறளின் ஏழு சீர்களை ஒரே வரியில் கொட்டினாலும், நான்கும் மூன்றுமாகப் பிரிக்கத் தமிழறிந்தோர் எவரும் வல்லர்.

புதுக்கவிதைக்கு அப்பேறு உண்டா? இதுவே இவ்வுரையின் மையக் கேள்வி. 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் வளர்த்த புதுக்கவிதை, சீரையும் தளையையும் துறந்தது. எங்கு நிறுத்துவது என்ற உரிமையை யாப்பிடமிருந்து பெற்றுக் கவிஞனிடமே கொடுத்தது. ஒற்றைச் சொல்லைத் தனியே நிறுத்துவதும் வினைமுற்றை அடுத்த அடிக்குத் தள்ளுவதும் அவ்வுரிமையின் பயன்கள். அவை இருக்குமிடம் வரிமுடிவு ஒன்றே. அதனை அழித்துவிட்டால் மீட்க எதுகையும் இல்லை, தளையும் இல்லை. மரபுச் செய்யுள் தன் அடியைத் தன்னுள்ளேயே காக்கிறது. புதுக்கவிதை தன் அடியைக் கோப்பிடம் நம்பி ஒப்படைக்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பழம்பாடலினும் நேற்று எழுதிய கவிதையே எளிதில் அழியத்தக்கது என்பது வியப்பாயினும் உண்மை.

ஆகவே கவிதைக் கோப்பைக் கையாள்வோர் கொள்ளவேண்டிய நெறிகள் சில:

முதலாவது, மூலக்கோப்பைத் தொடாமல் படியெடுத்து, அப்படியின்மீதே கருவியை இயக்குதல்.

இரண்டாவது, எஃப்.எம்.டி. கருவியைக் கவிதைக்குப் பயன்படுத்தின், எஸ் என்னும் தெரிவுடனேயே இயக்குதல். அத்தெரிவு நீண்ட வரிகளைப் பிரிக்கும்; குறுகிய வரிகளை இணைக்காது.

மூன்றாவது, கண்ணிகளுக்கிடையே வெற்றுவரி விடுதல். வெற்றுவரியைக் கருவி மதிக்கும். உள்தள்ளல் வேறுபட்ட வரிகளையும் அது இணைப்பதில்லை. படிப்படியாக உள்தள்ளிய கவிதை தப்பிவிடும். இடப்புறம் நேராக நிற்கும் கவிதையே சிக்கிக்கொள்ளும்.

நான்காவது, இயக்குமுன்னும் பின்னும் வரிகளை எண்ணுதல். அதற்கு டபிள்யூ.சி. என்னும் கட்டளை உண்டு. எண்ணிக்கை கூடினால் நீண்ட அடிகள் மடங்கியுள்ளன. குறைந்தால் எங்கோ ஓர் அடி மறைந்துள்ளது.

ஐந்தாவது, இடமின்மையால் மடங்கிய பகுதியை உள்தள்ளி அமைத்தல். இதனைக் கருவி தானாகச் செய்யாது, பதிப்பாசிரியரே செய்யவேண்டும். அப்போதுதான், இது தாளின் வரி, கவிஞரின் அடி அன்று என்பது வாசகர்க்கு விளங்கும்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பணியாற்றும் கவிஞர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓர் உறுப்பின் அளவு வரைபடத்தில் உள்ளது. அதனை அனுப்பும் பெட்டிக்கு வேறு அளவு உண்டு. பெட்டி சிறிதென்று உறுப்பை அறுப்பார் எவருமில்லர், பெட்டியைத்தான் மாற்றுவர். கவிதையில் அடி வரைபடத்தின் அளவு. வரி பெட்டியின் அளவு.

பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டம் ஒன்றின் செல்வம் அதன் உறுப்பினர் எழுதிய கவிதைகளே. அவை இனிப் பல கருவிகளின் வழியே, பல கைகளுக்குச் செல்லும். எத்தனை முறை மடித்தாலும் விரித்தாலும், கவிஞர் நிறுத்திய இடத்தில் கவிதை நிற்குமாறு காப்பது வட்டத்தின் கடமையாகும்.