ஜாமீன் கையெழுத்து மாதிரிதான் ஒரு மெசேஜும்

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மைக் பிடித்துப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்குங்க.

தகவல் தொடர்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அரசு மூலமாக மகளிர் குழு முதலில் ஆரம்பித்ததே 1989-ல் பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும் வரைக்கும் நம்ம ராயக்கோட்டையும் அதில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் கூட்டம் என்றால் ஊக்குநர் வீடு வீடாக நடந்து வந்து சொல்லுவாங்க என்று என் மாமியார் சொல்வார். இப்போது ஒரு மெசேஜ் போதும். மண்டியில் தக்காளி பெட்டி என்ன விலை என்று விடியும்போதே தெரிகிறது. ஓசூர் கம்பெனிக்குப் போன பொண்ணு வேன் ஏறிவிட்டாளா என்றும் தெரிகிறது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் வந்தேன்.

2018-ல் குழந்தை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க என்று வாட்ஸ்அப்பில் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. என் பையனுக்கு அப்போது நாலு வயசு. பயத்தில் நாலு குரூப்புக்கு அனுப்பிவிட்டேன். நம்ம குழு குரூப்பும் அதில் ஒன்று.

மூணாம் நாள் பாய், போர்வை விற்கிற ஒரு அம்மா எங்க தெருவுக்கு வந்தாங்க. தமிழ் வராது. ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிச்சாங்க, அவ்வளவுதான். கூட்டம் கூடிப்போச்சு. ஒருத்தர் கையில் கட்டை. "நம்ம குரூப்லயே வந்துச்சே" என்று ஒரு அக்கா சொன்னாங்க. அது நான் அனுப்பியது. எனக்குக் கை கால் ஆடிப்போச்சு.

போனே இல்லாத ஒரு பாட்டிதான் உள்ளே புகுந்து, அந்த அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, தண்ணி கொடுத்து, கன்னடத்தில் பேசினாங்க. எந்த ஊர், எந்தப் பஸ்ஸில் வந்தாய் என்று கேட்டாங்க. அந்த அம்மா அழுதுகொண்டே பதில் சொன்னாங்க. கூட்டம் கலைஞ்சது.

எல்லா இடத்திலும் பாட்டி இருப்பதில்லை. அதே வருஷம் மே 9-ம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. இதே வதந்தியால் ஊரே அடித்தது. வயதான ஓர் அம்மா செத்துப்போனாங்க.

2023 மார்ச்சிலும், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியது. நம்ம பக்கம் கம்பெனிகளில் அவங்களும் நம்ம பொண்ணுங்களும் சேர்ந்துதான் வேலை செய்கிறார்கள். அவங்க வீட்டிலும் நம்மை மாதிரி அம்மாதானே பயந்திருப்பாங்க?

முன்னே ஒரு வதந்தி வந்தால் யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே போகலாம். இப்போது முதலில் சொன்னவன் யாரென்றே தெரியாது. கடைசியில் அனுப்பிய நம்மைத்தான் நம்புகிறார்கள். யாரோ பேசிய பேச்சுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கேன். கடனுக்கு ஜாமீன் போடும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்? இதற்கு ஒன்றுகூடக் கேட்கவில்லையே!

அதற்குப் பிறகு எங்க குழு தீர்மான நோட்டில் மூணு விஷயம் எழுதினோம்.

ஒன்று, ஊர், தேதி, சொன்னவர் பேர் இல்லாத செய்தியை யாரும் அனுப்பக் கூடாது.

இரண்டு, மெசேஜ் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. 2018-லேயே ஒரே தடவையில் 5 இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. 2020-ல் இரட்டை அம்புக்குறி மெசேஜை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று ஆக்கியது. அவங்களே பயப்படுகிற மெசேஜை நாம் தள்ளிவிடலாமா?

மூணு, சந்தேகம் வந்தால் குரூப்பில் போடாமல் போலீசுக்கு 100, குழந்தை விஷயத்துக்கு 1098, போனில் பணம் ஏமாந்தால் உடனே 1930.

அந்தப் பாய்க்கார அம்மா அப்புறம் எங்க தெருவுக்கு வரவே இல்லை. மன்னிப்புக் கேட்க முடியவில்லை. அதனால்தான் உங்க முன்னாடி சொல்கிறேன்.